ஒரே தாளில் ஒரு செடியின் வாழ்நாள்

மழை பிடித்துச் சில வாரம் போனால், செஞ்சி மலையடிவாரத்திலும் மயிலத்தைச் சுற்றியுள்ள வேலிகளிலும் செங்காந்தள் ஏறத் தொடங்கிவிடும். மண்ணுக்கடியில் கலப்பை வடிவில் கிடந்த கிழங்கிலிருந்து தண்டு கிளம்பும். ஒவ்வோர் இலையின் நுனியும் மெலிந்து சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பூ. மொட்டாக இருக்கையில் பச்சை. விரிந்ததும் மஞ்சள். பின் நுனியிலிருந்து ஆரஞ்சு இறங்கி, கடைசியில் இதழ் முழுதும் ஆழ்ந்த சிவப்பு. தலைகுனிந்து தொங்கும் பூவில் ஆறு இதழ்களும் அலையலையாக நெளிந்து மேல்நோக்கி மடங்கி நிற்கும். ஆறு மகரந்தத்தாள்களும் ஆறு பக்கம் விரியும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே ஏறக்குறையச் செங்கோணமாகத் திரும்பிப் பக்கவாட்டில் நீளும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் வைத்தது இதைத்தான். தமிழ்நாடு தன் மாநில மலராக ஏற்றதும் இதைத்தான்.

இந்தக் கொடியில் ஒரு துண்டைப் பறித்துச் செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவையுங்கள். தாவரவியலார் இன்றும் செய்வது இதையே. அப்படிக் காயவைத்து அட்டையில் ஒட்டிய மாதிரிகளின் சேகரிப்புக்குத்தான் ஹெர்பேரியம் என்று பெயர். இலை தங்கும், தண்டு தங்கும். பூவோ நசுங்கிப்போகும். மேல்நோக்கி மடங்கிய இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒட்டிக்கொள்ளும். செங்கோணத்தில் திரும்பிய சூல்தண்டு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்றே தெரியாது. மஞ்சளும் சிவப்பும் மங்கிப் பழுப்பாகும். ஒரு செடியைச் செடியாகக் காட்டுகிற பாதி விவரம் அழுத்திய அன்றே போய்விடும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர்களுக்கு இது பெரிய இடர். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பிரான்சுக்குப் போகும் கப்பலுக்கு நான்கைந்து மாதம் ஆகும். பறித்த பூ அத்தனை நாள் தாங்காது. அப்படியிருக்க, பாரிசில் உட்கார்ந்திருப்பவர் இந்தக் கரையின் பூவை எப்படிப் பார்ப்பது? அவர் பார்த்ததையே ஜெனிவாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் எப்படிப் பார்ப்பது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாரிஸ் அச்சுப்பட்டறைகள் இந்தக் கேள்விக்குச் செம்பிலும் கல்லிலும் விடை கண்டன. அந்தப் படங்களை இன்று சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள், அழகுக்காக விற்கிறார்கள். அவை அழகானவைதான். ஆனால் அவை பிறந்தது அறிவியல் கருவிகளாக. தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் போல, வெறும் கண்ணால் காண முடியாததைக் காட்டுவதற்காக.

புதுச்சேரியைச் சுற்றிய கண்கள்

வரைபடத்தில் புதுச்சேரி ஒரே துண்டாக இருக்காது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களுக்கிடையே சிதறிக் கிடக்கும். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் பிரெஞ்சு, அந்தப் பக்கம் ஆங்கிலேயரின் தென்னாற்காடு. செடிகளுக்கு அந்த எல்லை கிடையாது. புதுச்சேரியிலிருந்து கிளம்பிய எந்தத் தாவரவியலாளரும் சில மணி நேர நடையில் இன்றைய வானூர், திண்டிவனம், விழுப்புரம் வட்டங்களின் செம்மண்ணில்தான் நின்றிருப்பார்.

அவர்களில் முன்னோடி பியேர் சொன்னெரா. 1748இல் பிறந்தவர், இயற்கை ஆய்வாளர், தானே வரையத் தெரிந்தவர். அவர் வரைந்த படங்களைச் செம்பில் செதுக்கிச் சேர்த்த கிழக்கிந்தியப் பயண நூல் 1782இல் பாரிசில் வெளிவந்தது. வானூர் வட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களை முதலில் எழுத்தில் பதிந்த ஐரோப்பியராக அறியப்படுபவரும் அவரே. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான அந்த மரங்கள் இன்று தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் மகன் ஓர் அலையாத்தி மரப் பேரினத்துக்குச் சொன்னெரேஷியா என்று பெயர் சூட்டினார். பிச்சாவரத்துக் கழிமுகத்தில் அந்த மரம் இன்றும் நிற்கிறது.

அடுத்து வந்தவர் ழான்-பத்தீஸ்த் லெஷனோ. நெப்போலியப் போர்கள் முடிந்து 1816இல் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது அவரும் வந்து சேர்ந்தார். சேலம், கோயம்புத்தூர், நீலகிரி, இலங்கை என்று சுற்றி, 1822இல் நாடு திரும்பும்வரை விதைகளையும் காய்ந்த மாதிரிகளையும் பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். 1825இல் சார்ல் பெலாஞ்சே கடல்வழியை விட்டு ரஷ்யா, காகசஸ், பாரசீகம் வழியாகத் தரைமார்க்கமாகவே புதுச்சேரிக்குப் புறப்பட்டார். புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தை உருவாக்கும் பணி அவருக்கு. 1826இல் அமைந்த அந்தத் தோட்டம் இன்றும் நகரின் நடுவே மரநிழலோடு இருக்கிறது. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பஸ் ஏறிப் போகிற பலர் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

இவர்கள் அனுப்பியவை பாரிசில் போய்ச் சேர்ந்ததும், மூன்று வகைக் கைகள் காத்திருந்தன. விளக்கம் எழுதும் தாவரவியலாளர், வரையும் ஓவியர், தகட்டில் செதுக்குபவர். சில பட்டறைகளில் நான்காவது ஒரு வரிசையும் இருந்தது. அச்சான தாளுக்கு ஒவ்வொன்றாகத் தூரிகையால் வண்ணம் இடுபவர்கள். அவர்களில் பெண்கள் பலர். படத்தின் அடியில் ஓவியர், செதுக்குபவர் பெயர்கள் சிறு எழுத்தில் இருக்கும். வண்ணமிட்டவர்களின் பெயர் பெரும்பாலும் இருக்காது.

செம்பில் இட்ட புள்ளிகள்

செங்காந்தள் பாரிசுக்குப் போன கதை சற்று வேறு. அதன் கிழங்கு கோடையில் உறங்கும். காய்ந்த மண்ணோடு பெட்டியில் போட்டால் கடல் கடந்தும் உயிரோடு இருக்கும். ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்களில் அது முன்பே முளைத்துப் பூத்திருந்தது. மலர் ஓவியர் பியேர்-ழோசேஃப் ரெதூத்தே தன் ‘லிலியாசே’ என்ற பெருநூலில் அதையும் சேர்த்தார், மெத்தோனிகா என்ற அக்காலப் பெயரில். 1802 முதல் 1816 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த அந்த நூலில் 500ஐ நெருங்கும் படங்கள். முதல் தொகுதிகளுக்கு விளக்கம் எழுதியவர் ஜெனிவாவின் பெரும் தாவரவியலாளர் தெ கந்தோல்.

ரெதூத்தே பயன்படுத்திய முறையைத் தெரிந்துகொண்டால்தான் அந்தப் படங்களின் அருமை புரியும். அதற்கு முன் செடிகளைச் செம்புத் தகட்டில் செதுக்குவது என்றால் பெரும்பாலும் கோடுதான். கோடு ஓரங்களை நன்றாகக் காட்டும். ஆனால் இதழுக்குக் கோடு போட்ட ஓரம் கிடையாது. நிறம் மெல்லத் தேய்ந்து ஒளியில் முடியும். அதனால் அவர் கோட்டை விட்டுப் புள்ளிக்கு வந்தார். தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு. அதில் ஊசியாலும் பற்சக்கரத்தாலும் நுண்ணிய புள்ளிகள். பிறகு அமிலம். பூச்சு விலகிய புள்ளிகளில் மட்டும் அமிலம் செம்பை அரித்துக் குழியாக்கும். புள்ளிகள் நெருங்கினால் நிழல், விலகினால் ஒளி.

மை இடுவது அதைவிட நுட்பமான வேலை. ஒவ்வொரு நிறத்துக்கும் துணியைச் சுருட்டிச் செய்த ஒரு சின்னப் பொதி. இலை இருக்கும் இடத்தில் பச்சை மை, இதழின் அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு என்று ஒரே தகட்டில் இடத்துக்கு இடம் ஒற்றுவார்கள். மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் குழிகளில் மட்டும் மை நிற்கும். ஈரத் தாளை வைத்து உருளைக்கு இடையே அழுத்தும்போது தாள் அந்தக் குழிகளுக்குள் இறங்கி மையை உறிஞ்சிக்கொண்டு வரும். ஒரே அழுத்தில் எல்லா நிறமும் பதியும். அடுத்த தாளுக்கு முதலிலிருந்து மை ஒற்ற வேண்டும். இறுதியில் தூரிகையால் அங்கங்கே நீர்வண்ணம் தொட்டு முடிப்பார்கள். ‘லிலியாசே’ இப்படி 200 படிகளை ஒட்டித்தான் அச்சானது.

அந்த 200 படிகளிலும் செடியின் அமைப்பு அப்படியே இருந்தது என்பதில்தான் பெரிய மாற்றம் அடங்கியிருக்கிறது. கையால் நகல் எடுத்த காலத்தில் அது முடியாத காரியம். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி இதைச் சொல்லிவிட்டார்: செடிகளின் படங்களைப் படி எடுக்க எடுக்க உருவம் கெட்டுப்போகிறது, அதனால் பலர் படமே போடாமல் பெயரையும் குணத்தையும் மட்டும் எழுதிவிடுகிறார்கள் என்று. நம் ஓலைச்சுவடிகளும் அந்த வழியையே மேற்கொண்டன. பனையோலையில் சொல் நிற்கும். மகரந்தத்தாளின் முடிச்சை அதில் கீற முடியாது. செடியைக் கண்டுகொள்ளும் அறிவு வைத்தியரின் கண்ணிலும் அவர் கைகாட்டிய சீடரின் கண்ணிலும் இருந்தது. அந்தத் தொடர் ஓரிடத்தில் அறுந்தால், பெயர் இருக்கும், செடி எது என்று தெரியாது. அச்சுப்படம் அந்தக் கைகாட்டலையே தாளுக்கு மாற்றி, ஒரே நேரத்தில் பல நாட்டவருக்கும் கொடுத்தது.

படம் ஏன் புகைப்படத்தை மிஞ்சுகிறது

இன்று எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. ஆனாலும் ஒரு புதிய தாவரச் சிற்றினத்தை அறிவிக்கும் ஆய்வாளர் புகைப்படத்தோடு கையால் வரைந்த கோட்டுப்படத்தையும் சேர்க்கிறார். பழக்கம் விடாததால் அல்ல. புகைப்படத்தால் முடியாத சில வேலைகள் வரைபடத்தால் முடிகின்றன.

முதலாவது, காலம். செங்காந்தளைப் புகைப்படம் எடுத்தால் அந்த நொடி மட்டும் கிடைக்கும். ஓவியரோ ஒரே கொடியில் பச்சை மொட்டையும் மஞ்சள் பூவையும் சிவந்து முதிர்ந்த பூவையும் வெடித்த காயையும் சேர்த்து வைக்கலாம். மழைக்காலத் தொடக்கத்தில் மண்ணில் இருந்த கிழங்கையும் பக்கத்தில் போடலாம். இயற்கையில் இவை அத்தனையும் ஒரே சமயத்தில் கண்ணில் படுவது அரிது. மாதக்கணக்கான ஒரு வாழ்க்கை ஒரு தாளில் மடங்கி நிற்கிறது.

இரண்டாவது, உள்ளே இருப்பது. படத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கேதான் தாவரவியலாளரின் கண் முதலில் போகும். சூலகத்தைக் குறுக்கே வெட்டினால் எத்தனை அறை, விதைகள் எங்கே ஒட்டியிருக்கின்றன, மகரந்தப்பை எப்படித் திறக்கிறது என்று எல்லாம் பல மடங்கு பெரிதாக்கி அங்கே வரிசையாக இருக்கும். பெஞ்சமன் தெலெசேர் 1820 முதல் 1846 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட ‘இகோனெஸ் செலெக்தே’ என்ற நூல் இதன் உச்சம். துர்ப்பேன் போன்றவர்கள் வரைந்த அந்தப் படங்களில் வண்ணமே கிடையாது. நிறம் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறும். அறைகளின் எண்ணிக்கை எளிதில் மாறாது. எது மாறாததோ அதற்கே அங்கே இடம்.

மூன்றாவது, தேர்வு. புகைப்படத்தில் இருப்பது ஒரு செடி. அதன் இலையில் பூச்சி கடித்த ஓட்டை இருக்கும். ஒரு கிளை ஒடிந்திருக்கும். வரைபடத்தில் இருப்பது ஓர் இனம். ஓவியர் பல செடிகளைப் பார்த்து, எது இந்த ஒன்றுக்கு மட்டும் நேர்ந்தது, எது இந்த இனம் முழுதுக்கும் உரியது என்று பிரித்துவிட்டே பென்சிலை எடுக்கிறார். அந்தத் தீர்மானம் தவறினால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

இந்தத் தீர்மானங்கள் எவ்வளவு ஆழமானவை என்பதற்குச் செங்காந்தளே சான்று. அதன் பூவுக்கும் ஐரோப்பியப் புல்வெளிகளில் பூக்கும் கோல்சிகம் என்ற செடியின் பூவுக்கும் பார்வைக்கு ஒற்றுமை இல்லை. ஒன்று கொடியில் தலைகீழாகத் தொங்குவது, மற்றது தரையிலிருந்து நேராக எழுவது. ஆனால் ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள், மூன்று அறைச் சூலகம் என்று அமைப்பைப் பார்த்தால் இரண்டும் நெருங்கி வருகின்றன. 1820இல் பெல்த்தியே, காவந்தூ என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் கோல்சிகத்திலிருந்து ஒரு வீரியமான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மூட்டுவாத நோயான கௌட்டுக்கு இன்றும் கொடுக்கப்படும் கோல்சிசின் அது. பிற்பாடு பார்த்தால், அதே கோல்சிசின் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் நிறைந்திருந்தது. அதனால்தான் அந்தக் கிழங்கு கொடிய நஞ்சு. அதனால்தான் ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காக அதைப் பந்தலில் ஏற்றி வளர்க்கிறார்கள். இன்று இரண்டும் ஒரே குடும்பம். கண் கண்ட உறவை வேதியியல் பின்னால் வந்து உறுதி செய்தது.

இடம் வலமாகும் ஆபத்து

அச்சுக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. தகட்டில் இருப்பது தாளில் பதியும்போது இடம் வலமாகிவிடும். ரோஜாவுக்கு இதனால் பெரிய கேடில்லை. சுற்றி ஏறும் கொடிக்கு உண்டு. நம் ஊர்ப் பெருவள்ளிக்கிழங்குக் கொடி ஒரு திசையில் சுற்றும். சிறுவள்ளிக்கிழங்குக் கொடி அதற்கு எதிர்த்திசையில் சுற்றும். இரண்டையும் பிரித்துக் காண உதவும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. செதுக்குபவர் கண்ணாடியில் பார்த்துப் படத்தைத் திருப்பிச் செதுக்க மறந்தால், அச்சில் வரும் கொடி உலகத்தில் எங்குமே இல்லாத கொடியாகிவிடும். ஆகவே நல்ல பட்டறைகளில் செதுக்குபவருக்கும் தாவரவியல் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

கல், பிசின், நீலத்துணி

செம்பில் செதுக்குவது நாள் பிடிக்கும், செலவும் அதிகம். பவேரியாவின் செனெஃபெல்டர் 1790களின் இறுதியில் கண்டுபிடித்த கல்லச்சு வேறு வழியைத் திறந்தது. 1816இல் எங்கெல்மனும் லாஸ்தெரியும் பாரிசில் கல்லச்சுக்கூடங்களை நிறுவினார்கள். இதில் செதுக்கலே இல்லை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லின்மேல் கொழுப்புக் கலந்த கோலால் நேரடியாக வரைவார்கள். பிறகு வேலமரப் பிசினும் சிறிது அமிலமும் கலந்த கரைசலைப் பூசுவார்கள். வரையாத இடத்தைப் பிசின் பற்றிக்கொண்டு ஈரத்தை ஏற்கவைக்கும். கல்லை நனைத்து எண்ணெய் மை உருளையை ஓட்டினால், ஈரமான இடம் மையை விலக்கும், கொழுப்புக் கோடு மையை இழுத்துக்கொள்ளும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற ஒரே உண்மையின்மேல் நிற்கும் அச்சுமுறை இது.

அந்தப் பிசின் எங்கிருந்து வந்தது என்று தேடினால் பாதை நம் ஊர்ப்பக்கமே திரும்புகிறது. பிரான்சுக்கு வேலமரப் பிசின் பெருமளவு வந்தது மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையிலிருந்து. அங்கே பிசின் விற்றவர்கள் அதற்கு மாற்றாகக் கேட்டது, ‘கினே’ என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த அடர்நீலப் பருத்தித்துணி. அந்தத் துணிக்குப் பேர்போன இடம் புதுச்சேரி. செனகல் ஆற்றோரம் அந்தத் துணித்துண்டு பணமாகவே புழங்கியது. நீலம் ஏற்றியது அவுரி. தென்னாற்காட்டு வயல்களில் விளைந்த அவுரியும் அதில் உண்டு. திண்டிவனம் பக்கத்து மண்ணில் விளைந்த ஒரு செடி துணியில் நிறமாகி, துணி ஆப்பிரிக்காவில் பிசினாகி, பிசின் பாரிஸ் அச்சுக்கல்லில் படம் பிடித்துத் தந்திருக்கிறது. தாவரப் படத்தைத் தாங்கிய பொருளே ஒரு நீண்ட தாவரக் கதை.

அந்தப் பாதையின் இரு முனையிலும் வாழ்ந்த ஒரு மனிதர் உண்டு. பெரோத்தே. 1793இல் பிறந்தவர். 1820களில் செனகலில் செடி சேகரித்தார். 1830–33இல் பாரிசில் அச்சான செனகம்பியத் தாவர நூலை எழுதியவர்களில் ஒருவரானார். பிறகு புதுச்சேரிக்கு வந்தார். அவுரி இனங்களையும் நீலம் எடுக்கும் கலையையும் பற்றி அவர் எழுதிய நூல் 1842இல் வெளிவந்தது. புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தி, 1870இல் அங்கேயே மறைந்தார்.

படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பாமல் இங்கேயே கல்லச்சு செய்து காட்டியவரும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1819இல் சென்னைக்கு வந்த ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களின் 2,100க்கும் மேற்பட்ட படங்களை 1838 முதல் 1853 வரை சென்னையிலேயே அச்சிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு தெலுங்கு ஓவியர்கள். பாரிசின் புகழும் தாளின் தரமும் அவர்கள் படங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பாரிஸ் ஓவியர் கண்ணாடிக் குடிலில் வளர்ந்த செடியையோ காய்ந்த மாதிரியையோ பார்த்து வரைந்த இடத்தில், இவர்களால் உயிருள்ள செடியை அதன் சொந்த வெயிலிலேயே பார்த்து வரைய முடிந்தது. வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயா’ என்று தன் ஓவியரின் பெயரையே வைத்தார். பின்னாளின் வகைப்பாட்டில் அந்தப் பேரினம் வேறொன்றோடு சேர்ந்துவிட்டது. பெயர் பதிவில் இருக்கிறது.

அவுரியும் மல்லாட்டையும்

திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி இன்றும் பயிராகிறது. அந்தச் செடியைப் பார்த்தவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கும்: அதில் நீலம் எங்கும் இல்லை. பச்சை இலை, இளஞ்சிவப்புச் சிறுபூ, மெல்லிய காய், அவ்வளவுதான். இலையில் இருப்பது நிறமற்ற இண்டிகன். இலையைத் தொட்டியில் ஊறவைக்கும்போது அது உடையும். அந்தச் சாறைக் கலக்கி அடித்துக் காற்றுப்படச் செய்யும்போதுதான் ஆக்சிஜனோடு சேர்ந்து நீலமாகி அடியில் படியும். எவ்வளவு தேர்ந்த ஓவியர் வரைந்தாலும் அவுரியின் படத்தில் அதன் புகழ்பெற்ற நிறம் வராது.

படம் எதைக் காட்டும் என்றால், எந்த அவுரி என்பதை. நம்மூர் அவுரியின் காய் நேராகவோ சற்றே வளைந்தோ நீண்டிருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த இன்னோர் அவுரியின் காய் குட்டையாக, கொடுவாள் போல நன்றாக வளைந்திருக்கும். பூவையும் இலையையும் மட்டும் பார்த்தால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. நீலத்தை நம்பிப் பணம் போட்டவர்களுக்கு அந்தக் காயின் வளைவு இலாபநட்டக் கணக்கு. தாவரப் படங்களுக்கு அரசுகளும் வணிகர்களும் பணம் கொடுத்ததற்குக் கலைப்பற்று மட்டும் காரணமில்லை. எந்தச் செடி எந்த மண்ணில் வருவாய் தரும் என்ற கணக்கும் அதில் இருந்தது. அந்த வருவாயில் எவ்வளவு உழவர் கைக்குப் போனது என்பதை எந்தப் படமும் சொல்லாது. படத்தின் அழகைப் பாராட்டும்போது இதையும் நாம் மறக்கக் கூடாது.

விழுப்புரம் மாவட்டத்தின் இன்னொரு பயிர் மல்லாட்டை. நூல்களில் நிலக்கடலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தக் கரையிலிருந்து மார்சேயின் எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்புக் கூடங்களுக்கும் கப்பல் கப்பலாகப் போனது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் பின்னாளில் கொடுத்த டி.எம்.வி. ரகங்களின் பெயரில் திண்டிவனமே பதிந்திருக்கிறது. தாவரப் படத்தின் ஆற்றலை உணர மல்லாட்டையைவிடச் சிறந்த செடி கிடையாது. மஞ்சள் பூ வெளிச்சத்தில் பூக்கிறது. கருவுற்றதும் சூலகத்தின் அடி நீண்டு விழுதாக மண்ணில் இறங்குகிறது. காய் இருட்டில் முற்றுகிறது. நின்ற செடியைப் பார்த்தால் காய் தெரியாது; பிடுங்கிய செடியில் பூ வாடியிருக்கும். மேலே பூவும், இறங்கும் விழுதும், கீழே காயும் ஒன்றாகத் தெரிவது நல்ல படத்தில் மட்டும்தான்.

நம் கையில் இருக்கும் பென்சில்

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கீழ்ப்புத்துப்பட்டில் அய்யனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு இருக்கிறது. ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை நெடுகப் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. கத்தி படாமல் சாமி காத்த காடு. காசா மரங்கள் அங்கே அடர்ந்து நிற்கின்றன. பூக்கும்போது கிளைகளை மொய்த்து வரும் நீலப் பூக்கள் ஒவ்வொன்றும் மிகச் சிறியவை: நான்கு இதழ், எட்டு மகரந்தத்தாள். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஹெர்பேரியத்தில் இப்படிப்பட்ட காடுகளின் செடிகள் காய்ந்த மாதிரிகளாகப் பத்திரமாக இருக்கின்றன. ஆரோவில் தாவரவியல் தோட்டத்தில் அதே இனங்களின் நாற்றுகள் வளர்கின்றன. மாதிரியும் இருக்கிறது, நாற்றும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பார்க்கப் பழகிய கண் நிறைய வேண்டும்.

அந்தக் கண்ணைப் பழக்கும் வழி ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஏற்கெனவே இருக்கிறது. தாவரவியல் ரெக்கார்டு நோட்டு. செம்பருத்தியின் நீள்வெட்டுத் தோற்றம், சூலகத்தின் குறுக்குவெட்டு, மலர் வரைபடம் என்று மாணவர்கள் வரைகிறார்களே, அது துர்ப்பேனும் கோவிந்துவும் செய்த அதே வேலையின் வழிவந்தது. வெட்டு, எண்ணு, பெரிதாக்கு, வரை என்ற ஒழுங்கு இருநூறு ஆண்டு கடந்து விழுப்புரத்துப் பிள்ளைகள் கைக்கு வந்திருக்கிறது. ஆனால் மிகப் பல இடங்களில் அந்தப் படம் பூவைப் பார்த்து வரையப்படுவதில்லை. முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டைப் பார்த்து வரையப்படுகிறது. பிளினி வருந்திய அதே நோய்: படியிலிருந்து படி, அதிலிருந்து இன்னொரு படி.

இதற்கு மருந்து எளியது, செலவில்லாதது. வகுப்புக்கு ஒரு வேலிச்செடி. ஒவ்வொரு பருவத்திலும் அதே செடிக்கு முன்னால் போய் உட்கார்வது. மொட்டு ஒரு மாதம், பூ ஒரு மாதம், காய் ஒரு மாதம், மூன்றையும் ஒரே தாளில் சேர்ப்பது. ஒரு பிளேடும் கைக்கண்ணாடியும் பென்சிலும் போதும். பக்கத்தில் ஊர்ப்பெயரையும் தேதியையும் அந்தச் செடியை அந்த ஊரார் எப்படி அழைக்கிறார்கள் என்பதையும் எழுதினால் அது வெறும் பாடவேலையாக நிற்காது. மாவட்டத்தின் தாவர ஆவணமாகும். பத்துப் பள்ளிகள் பத்தாண்டு இதைச் செய்தால், விழுப்புரம் மாவட்டத்தின் வேலிகளிலும் ஏரிக்கரைகளிலும் என்ன இருந்தது, என்ன குறைந்தது என்பதற்கு எந்த அரசு அலுவலகத்திலும் இல்லாத சான்று நம் பிள்ளைகள் கையால் உருவாகும். ரெதூத்தேக்குக் கிடைத்த செங்காந்தள் கடல் கடந்த ஒரு கிழங்கில் பூத்தது. நமக்கு அது வேலியிலேயே பூக்கிறது. அதை நேரில் பார்த்து வரையும் வசதி உலகத்தில் மிகச் சிலருக்கே உண்டு. அவர்களில் நாமும் இருக்கிறோம்.